நம் பணம் யார் பெயரில்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், தாராவியில் நிகழ்த்திய உரை)



சங்க மேடை என்றால் உரிமை முழக்கம் இருக்கும் என்று எண்ணி வந்திருப்பீர்கள். இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது பாஸ்புத்தகம். இதுவும் உரிமைப் பிரச்சினைதான்.

1969 ஜூலை 19-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980 ஏப்ரலில் மேலும் 6. பெருமுதலாளிக்குத் திறந்திருந்த கதவு இனி ஏழைக்கும் திறக்கும் என்றார்கள். திறந்த கதவுக்குள் நாம் போனோமா? நெல்லைச் சீமையிலிருந்து வந்தோம். தோல் பதனிட்டோம், இட்லி விற்றோம், கட்டட வேலைக்குப் போனோம். உழைத்த காசு மட்டும் தண்டல்காரர் நோட்டிலும் ஊரிலுள்ள உறவினர் கணக்கிலும் கிடக்கிறது.

நம் பகுதியில் இட்லி வியாபாரம் செய்த ஒருவர் இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர். இங்கே தமக்கென ஒரு கணக்கு இல்லை; மாதந்தோறும் ஊரிலுள்ள அண்ணன் கணக்குக்கு அனுப்பி வந்தார். அண்ணன் கெட்டவர் அல்லர். தம்பி பணம் என்று தனியாகக் குறித்தே வைத்திருந்தாராம். முதலில் அண்ணன் போனார். கணக்கிலிருந்தது சட்டப்படி அவர் பிள்ளைகளுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே தம்பியும் போனார். அந்த அம்மாள் ஊருக்குப் போய்க் கேட்டபோது, “சித்தி, காகிதம் ஏதாவது இருக்கா?” என்றார்களாம். இருபது ஆண்டு உழைப்புக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை! இதில் யாரைக் குறை சொல்வது?

ஆகவே முதல் வேலை, உழைக்கிறவர் பெயரில் ஒரு கணக்கு. குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு உண்டு. 2014 ஆகஸ்டில் தொடங்கிய ஜன்தன் கணக்கும் அவ்வகைதான். “எங்கள் ஆதாரில் ஊர் முகவரி இருக்கிறதே, இங்கே கொடுப்பார்களா?” என்று பலர் கேட்கிறார்கள். வங்கியில் ஆதார் வழியாக அடையாளத்தைச் சரிபார்த்துக் கணக்குத் தொடங்கும்போது, இப்போது வசிக்கும் முகவரியை நாமே உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதைக் கவுண்டரில் தைரியமாகச் சொல்லுங்கள். இந்தியோ மராத்தியோ வராது என்று வாசலிலேயே நின்றுவிட வேண்டாம்.

அடுத்தது நாமினி. படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வருகிறவர்கள் நம்மில் ஏராளம். நாமினி இல்லாமல் கணக்குக்காரர் காலமானால், வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் கையெழுத்து என்று ஊருக்கும் இங்குமாக அலைய நேரும். 2025 நவம்பர் 1 முதல் நான்கு பேர் வரை நாமினியாகக் குறிப்பிடலாம். ஆனால் ஒன்று: நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கும் உரிமை பெற்றவர். வாரிசுகளின் பங்கு அதனால் அழிந்துவிடாது. இதை அறியாமல் எத்தனை குடும்பங்களில் சண்டை!

இனிக் கடனுக்கு வருவோம். தண்டல் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பத்தாயிரம் என்று எழுதி ஒன்பதாயிரம் கையில் கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டுகிறோம். “ஆயிரம்தானே போகிறது, பத்து சதவீதம்” என்று நினைக்கிறோம். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூற்றுக்கு 75-க்கும் மேல்! மாதம் பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120. நகையை வங்கியில் அடகு வைத்தால் இதில் சிறு பங்குதான் வட்டி.

தள்ளுவண்டியும் கூடையும் வைத்திருப்போருக்காக 2020 ஜூனில் பி.எம். ஸ்வநிதி திட்டம் வந்தது. முதல் கடன் ரூ. 10,000 என்றிருந்ததை 2025-இல் ரூ. 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டி முடித்தால் அடுத்தது 25,000, பிறகு 50,000. பிணை கிடையாது; தவறாமல் கட்டுவோருக்கு 7 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. மாநகராட்சியின் வியாபாரச் சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அதை வாங்குவதுதான் பெரும்பாடு. அதற்குச் சங்கம் கூட வரும். தையல், தோல் பை, சிறு பட்டறை வைத்திருப்போர் முத்ரா கடன் கேட்கலாம்; ‘சிசு’ பிரிவில் ரூ. 50,000 வரை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையேல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை.

கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடவும் வேண்டாம். 2019 செப்டம்பரில் இதே நகரத்தின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கிக்குத் தடை விதிக்கப்பட்டபோது, முதலில் ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். வாசலில் மக்கள் கதறியது நினைவிருக்கும். அப்போது வைப்புக் காப்பீடு ஒரு லட்சம்தான். 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, ஐந்து லட்சம் வரை. நம் தெருச் சீட்டுக்கு அந்தக் காப்பும் இல்லை. சீட்டு நடத்துகிறவர் 1982 சட்டப்படி பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். கோபித்துக் கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும்.

வரும் ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் சங்க அலுவலகத்தில் நம் இளைஞர்கள் படிவங்களோடு இருப்பார்கள். ஆதார், பான் அட்டை, இரண்டு புகைப்படம் கொண்டு வாருங்கள். பான் இல்லாதவருக்கு அதற்கான உறுதிமொழிப் படிவம் உண்டு. பெட்டியடியில் பழைய பாஸ்புத்தகம் இருந்தால் கிழிந்திருந்தாலும் எடுத்து வாருங்கள். பத்தாண்டு தொடாமல் கிடந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போன பணத்தையும் திரும்பக் கேட்க முடியும். ஆண்கள் மட்டும் வந்து, “வீட்டுக்காரிக்கு நான் சொல்லிக் கொள்கிறேன்” என்று சொல்ல வேண்டாம். அவர்களையும் அழைத்து வாருங்கள்.