பதறினால் டயர் தேயும்



காணும் பொங்கலுக்கு நம்ம திருக்கடையூரில் நடக்கும் ரேக்ளா பந்தயம் பார்த்திருப்பீர்கள். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டதும் பதறி விரட்டினால், கடைசி மைலில் மாட்டுக்கு மூச்சு வாங்கும். கார்ப் பந்தயத்தில் அந்த மூச்சுதான் டயர். கண்ணாடியில் எதிராளியைக் கண்டு பதறி பிரேக் அடித்து, வளைவில் சறுக்கினால், டயர் சூடேறித் தேய்ந்து பிடிப்பு போய்விடும். அதற்காகவே பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு!

2005-இல் ஃபார்முலா ஒன் விதி இன்னும் கடுமை. தகுதிச் சுற்றுக்கும் முழுப் பந்தயத்துக்கும் ஒரே செட் டயர். அந்த ஜூன் 19 அன்று, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில், மிச்செலின் டயர் தாங்காதென்று 14 கார்கள் விலகிக்கொண்டன. மீதி ஆறு. அதில் ஒருவர் நம்ம கோவை நரேன் கார்த்திகேயன். கூட்டம் கூச்சல் போடுது, பாட்டில் வீசுது. அவர் ஜோர்டன் காரை 72 சுற்று பத்திரமாக ஓட்டி, நான்காவதாக வந்து 5 புள்ளி பெற்றார். அதே கார் ஓட்டிய சக வீரர் மோன்டேரோ மூன்றாவது.

"அதிர்ஷ்டம்" என்பார்கள். சரி, அது வரும்போது நாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டாமா?

பக்கத்து பெஞ்சு மார்க்கைப் பார்த்தே தூக்கம் கெடும் தம்பி, தங்கைகளே, உங்க டயரை முதலில் பாருங்கள்.