இறக்கை மேலேயா, கீழேயா?



இறுதியாண்டு மாணவர்கள் பயிற்சிக்காக இரண்டு இருக்கை விமானம் ஒன்றை வடிவமைக்கிறார்கள். "இறக்கையை எங்கே வைப்பது நல்லது சார்?" என்று கேட்டார்கள். அதையே இன்று பேசுகிறேன்.

முதலில் மேல் இறக்கை. 1955-இல் முதலில் பறந்த செஸ்னா 172-உம், 1958-இல் பறந்த நம் எச்.ஏ.எல். புஷ்பக்கும் இந்த வகை. பெட்ரோல் தானாகவே இறங்கி எஞ்சினுக்கு வரும். முட்டுக்கம்பி கொடுத்தால் இறக்கையின் எடை குறையும். ஆனால் காற்றின் இழுவை கூடும். விமானம் பக்கவாட்டில் சறுக்கினால், உடலைச் சுற்றி வரும் காற்றே தாழ்ந்த இறக்கையைத் தூக்கிவிடும். ஊசல் மாதிரி தொங்குவதால் என்பார்கள், அது சரியில்லை. கீழ் இறக்கைக்கு இந்த உதவி கிடையாது. அதனால்தான் செஸ்னாவின் இறக்கை 2 டிகிரிக்கும் குறைவாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்க, பைப்பர் செரோக்கிக்கு 7 டிகிரி கொடுத்தார்கள்.

கீழ் இறக்கையில் சக்கரங்களை இறக்கையிலேயே அகலமாகப் பொருத்தலாம். பெட்ரோலுக்குப் பம்ப் வேண்டும். பெங்களூர் என்.ஏ.எல். உருவாக்கி 1993-இல் பறந்த ஹன்சா இந்த வகை.

பார்வையையும் கவனியுங்கள். ஓடுபாதைக்குத் திரும்பும்போது மேல் இறக்கை தாழ்ந்து, பாதையையே மறைக்கும். கீழ் இறக்கையோ தனக்குக் கீழே இருப்பதை மறைக்கும். கீழ் இறக்கை விமானம் மேலேயும் மேல் இறக்கை விமானம் கீழேயுமாக ஒரே பாதைக்கு இறங்கினால், ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாமல் போகலாம்!

அடுத்து கனார்டு, அதாவது சின்ன இறக்கை முன்னால். பர்ட் ரூட்டனின் வேரிஈஸ் 1975-இல் பறந்தது. முன் இறக்கை முதலில் ஸ்டால் ஆகி மூக்கு இறங்கும். பெரிய இறக்கை தப்பிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் பெரிய இறக்கையின் முழுத் தூக்குவிசையைப் பயன்படுத்த முடியாது. இறங்கும் வேகம் கூடும், நீண்ட ஓடுபாதை வேண்டும். மழையில் முன் இறக்கை நனைந்து மூக்கு தாழ்ந்ததும் உண்டு. பிறகு அதன் வெட்டுமுகத்தை மாற்றினார்கள்.

ஆக, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. யார் ஓட்டுவார்கள், எந்த ஓடுபாதை, யார் பழுது பார்ப்பார்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். படம் அப்புறம்.

பயிற்சி விமானம் என்றால் எனக்கு முக்கியம் ஸ்டால் எங்கே தொடங்குகிறது என்பதுதான். தாழ்ந்து, வேகம் குறைந்து திரும்பும்போது நுனி முதலில் ஸ்டால் ஆனால், ஒரு பக்கம் சரிந்து சுழல ஆரம்பிக்கும். மீள உயரம் இருக்காது. செவ்வக இறக்கையில் அடிப்பகுதிதான் முதலில் ஸ்டால் ஆகும். நுனியில் எய்லரான் வேலை செய்யும். நுனியை 2 அல்லது 3 டிகிரி கீழ்நோக்கி முறுக்கினால் இன்னும் நல்லது. பார்க்க அழகாக இல்லை என்று கூர்மையாக்கிவிடாதீர்கள். அதில் உட்காரப்போகிறவன் பத்து மணி நேரம்கூடப் பறக்காத பையனாக இருக்கலாம்.