முகூர்த்தம் தள்ளிப்போகவில்லை

சிப்காட்டில் ஷிப்ட் முடித்து நேரே இங்கே வந்து நிற்கும் தோழர்களே!

"ஊரே பற்றி எரிகிறது, உங்களுக்கு என்ன சிரிப்பு?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கிறவர் கையைப் பாருங்கள், தீப்பெட்டி இருக்கும்!

2016 செப்டம்பர் 12. காவிரியில் தமிழ்நாட்டுக்கு விநாடிக்கு 12,000 கன அடி திறக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். அன்றைக்கே பெங்களூரில் நம் பதிவெண் பஸ்கள் வரிசையாக எரிந்தன. எல்லையில் வண்டி ஓடவில்லை. அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் இறங்கிய சனம் மூட்டை முடிச்சோடு, இடுப்பில் பிள்ளையோடு, நம் பக்கம் ஜூஜூவாடிக்கு நடந்தே வந்தது. அந்த நாட்களில் அப்படி நடந்து வந்தவர்களில் பட்டுச்சேலை கட்டிய கல்யாணப் பெண் ஒருத்தியும் உண்டு. பெங்களூர்ப் பெண், கல்யாணம் வாணியம்பாடியில். பத்திரிகையில் படம் பார்த்திருப்பீர்கள்.

காவிரி தீரட்டும், அப்புறம் தாலி கட்டிக்கொள்கிறேன் என்று அவள் உட்கார்ந்திருந்தால்? தீர்ப்பு வந்தது 2018 பிப்ரவரியில்! அதிலும் நம் பங்கு 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. பஸ் எரித்தவன் அங்கே ஒரு வயலையும் நனைக்கவில்லை. இங்கே பதிலுக்குக் கொதித்தவனும் ஒரு குடம் கொண்டுவரவில்லை.

"அப்படியானால் சிரித்துக்கொண்டே சகித்துக்கொள்ளச் சொல்கிறாயா?" என்பீர்கள். அந்த உபதேசம் வேறு மேடையில் கிடைக்கும், ஏசி போட்ட மண்டபத்தில். எனக்குக் கோபம் உண்டு. அதை பஸ் எரிக்கிறவனுக்கு இரவல் கொடுக்கத்தான் மனமில்லை.

அந்தக் கோபம் எதன்மேல் என்று தெரிய வேண்டுமா? கெலவரப்பள்ளி அணைக்குப் போய் நில்லுங்கள். பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் கலந்து வெள்ளை வெள்ளையாய் நுரை பொங்குகிறது. அந்தத் தண்ணீரில்தான் நம் விவசாயி காய்கறி போடுகிறான். அந்த நாற்றத்துக்கு முதலில் மூக்கைப் பொத்துகிறவன் யார்? ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற கன்னடக் கிராமத்தான்! அவனும் நாமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டால் இரண்டு அரசாங்கமும் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே அசெம்பிளி லைனில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசி வண்டி பூட்டுகிற நம் ஊருக்கு இது முடியாதா?

கையில் காரியம் இருக்கிறவன் முகத்தில் களை தானாக வரும். சும்மா இருக்கிறவனைத்தான் வதந்தி வந்து கூட்டிப்போகிறது.

எல்லையில் கல் எறிய அடுத்த முறை எவனாவது கூப்பிட்டால், "கெலவரப்பள்ளிக்கு வருகிறாயா?" என்று கேளுங்கள். வந்தால் தோழன். வராவிட்டால் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் வாருங்கள்!