எஞ்சிய உரிமை
(செருமனி வாழ் தமிழ்த் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மேடை முழக்கத்திற்குரியது அன்று, அடுப்பங்கரைக்குரியது. ஒருவர் வேலையை இழக்கின்றார். அரசு அலுவலகத்தில் பதிந்து காப்புத்தொகை பெறுகின்றார். சில திங்களில் புதுவேலை கிடைக்கின்றது. தகுதிகாண் பருவம் முடியுமுன் அவ் வேலையும் போய்விடுகின்றது. இனி அவர் என் செய்வார்? மறுபடியும் அவ் வலுவலகப் படியை மிதிக்கலாமா? மிதித்தால் ஏதேனும் கிடைக்குமா?

நம்மவருள் பலர் மிதிப்பதே இல்லை. “ஒருமுறை வாங்கியாயிற்று, இன்னொரு முறை கையேந்த நாணமாக இருக்கின்றது” என்று வீட்டிற்குள் அடைந்து கிடக்கின்றனர், உறவினரிடம் கடன்படுகின்றனர். தோழர்களே, நாணம் உயர்ந்த பண்புதான். ஆனால் நாண வேண்டாத இடத்தில் நாணுவது பண்பாகாது, அறியாமையாகும்.

இவ் வறியாமைக்கு வேர் ஒரு சொல்லில் இருக்கின்றது. அரசு அலுவலகத்திலிருந்து வரும் பணம் எல்லாவற்றையும் “சோசல் காசு” என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். சொல் பிழைத்தால் பொருள் பிழைக்கும்; பொருள் பிழைத்தால் வாழ்வு பிழைக்கும். வறியவர்க்கு அரசு தன் வரிப்பணத்திலிருந்து தருவது ஒன்று. அது அடிப்படை உதவி. ‘ஆர்பைட்சுலோசன்கெல்டு’ என்று இந் நாட்டார் வழங்குவது முற்றிலும் வேறு. அதனை ‘வேலையிழப்புக் காப்புத்தொகை’ என்று நாம் சொல்ல வேண்டும். அது காப்பீடு. 1911-இல் பிரித்தானியா சில தொழில்களுக்கு நாட்டளவில் கட்டாயமாக்கிய இம் முறையைச் செருமனி 1927 சூலை 16-ஆம் நாள் சட்டமாக்கியது. அதற்கென 2023-இல் வரையறுத்த பங்கு ஊதியத்தில் 2.6 விழுக்காடு, பாதி தொழிலாளி தருவது, பாதி முதலாளி தருவது. உங்கள் ஊதியத் தாளை எடுத்துப் பாருங்கள். திங்கள்தோறும் பிடித்தம் செய்யப்பட்டிருக்கும். நீங்கள் செலுத்தியதற்கு ஈடாக வருவதைப் பெற நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்?

இனி, நம் வினாவிற்கு வருவோம். புதுவேலையில் சேர்ந்தவுடன் பழைய உரிமை செத்துவிடுகின்றதா? இல்லை. அது உறங்குகின்றது, அவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. நாற்பது அகவையர் ஒருவர், காப்பீட்டுப் பங்கு செலுத்தி 24 திங்கள் வேலை செய்தார். வேலை போயிற்று. அவருக்குப் பன்னிரண்டு திங்கள் காப்புத்தொகை பெறும் உரிமை உண்டு. பிள்ளை இல்லாதார்க்கு, பிடித்தங்கள் போகக் கணக்கிடும் ஊதியத்தில் 60 விழுக்காடு. பிள்ளை உடையார்க்கு 67 விழுக்காடு. அவர் நான்கு திங்கள் பெற்றார், பிறகு புதுவேலை. ஐந்தாம் திங்களில் அதுவும் போயிற்று. எஞ்சிய எட்டுத் திங்கள் உரிமை அவருக்காகவே காத்திருக்கின்றது. உரிமை பிறந்த நாளிலிருந்து நான்காண்டு கடவாமல் இருந்தால், விட்ட இடத்திலிருந்து அவர் மீண்டும் தொடரலாம்.

“புதுவேலையின் ஊதியம் குறைவாயிற்றே, இனிக் காப்புத்தொகையும் குறையுமே” என்று அஞ்சிச் சிலர் கிடைத்த சிறுவேலையையும் தட்டிவிடுகின்றனர். அவ் வச்சம் வேண்டா. எஞ்சியதைத் தொடர்வோர்க்குப் பழைய ஊதியமே அடிப்படை. புதுவேலையில் உழைத்துப் புது உரிமையே பிறந்தாலும், அதற்கு முந்திய ஈராண்டிற்குள் காப்புத்தொகை பெற்றிருந்தவர்க்கு, முன்னைப் போலவே முழுநேர வேலைக்கு அணியமாக இருக்கும்வரை, பழைய அடிப்படைக்குக் கீழே கணக்கிடுவதில்லை. தாழ்ந்த ஊதியத்திற்கும் துணிந்து உழைக்கப் போனவனைச் சட்டம் ஒறுக்கவில்லை என்பதை உணருங்கள்.

புது உரிமை எப்போது பிறக்கும்? முப்பது திங்களுக்குள் பன்னிரண்டு திங்கள் பங்கு செலுத்தி உழைத்திருந்தால் பிறக்கும். நம் எடுத்துக்காட்டுத் தோழர் புதுவேலையில் ஓராண்டு நின்றிருந்தால் அவருக்குப் புதிதாக ஆறு திங்கள். அதனோடு பழைய எட்டும் சேரும். ஆனால் அவர் அகவைக்குரிய மேல்வரம்பு பன்னிரண்டு திங்களாதலின் அதற்குமேல் போகாது. ஒன்றை மறவாதீர்கள்: தாளில் ஏறாமல் கையில் எண்ணிக் கொடுக்கும் கூலி இக் கணக்கில் சேராது. சிறுவேலை என்னும் பெயரால் பங்கு செலுத்தாமல் செய்யும் பணியும் சேராது. உணவகங்களின் பின்கட்டில் விடிய விடியப் பாத்திரம் கழுவும் நம் தோழர்கள் இழப்பது இங்கேதான். இன்று பிடித்தம் இல்லை என்று மகிழ்வோர், நாளை பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்பர்.

உரிமை சாகாது என்றேன். ஆனால் வாய்மூடியிருப்பவன் கையில் அது நாளுக்கு நாள் தேயும். புதுவேலை போகின்றது என்று அறிந்த மூன்று நாளுக்குள் வேலை தேடுவோராகப் பதிய வேண்டும். தகுதிகாண் பருவத்தில் இரண்டு கிழமை முன்னறிவிப்பே போதுமாதலின் இம் மூன்று நாள் மிக இன்றியமையாதது. தவறினால் ஒரு கிழமைத் தொகை நின்றுபோம். பின்னர், வேலையற்ற முதல் நாளிலேயே வேலையற்றோராகவும் பதிய வேண்டும். முன்பு பதிந்தது போதும் என்று இருந்துவிடாதீர்கள். வேலை செய்த இடைவெளி ஆறு கிழமைக்கு மேற்பட்டால் பழைய பதிவு செல்லாது. பதியாத நாளுக்குப் பணம் இல்லை. நாணத்தால் வீட்டில் கழித்த மூன்று கிழமையை எந்த அலுவலரும் உங்களுக்குத் திருப்பித் தர இயலாது.

இன்னுமொரு கண்ணி உண்டு. “நாளைமுதல் வராதே” என்று முதலாளி வாயால் சொன்னால் அது வேலைநீக்கம் ஆகாது. இந் நாட்டுச் சட்டப்படி நீக்கம் எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். ஆனால் சிலர் ஒரு தாளை நீட்டி, “வெறும் முறைக்குத்தான், இதில் ஒப்பமிடு” என்பர். அத் தாளில் “இருவரும் உடன்பட்டுப் பிரிகின்றோம்” என்று இருக்கும். தக்க ஏது இன்றி அதில் ஒப்பமிட்டவரும், தாமே வேலையை உதறியவரும், தம் ஒழுங்கீனத்தால் நீக்கப்பட்டவரும் பன்னிரண்டு கிழமை வரை காப்புத்தொகையின்றி இருக்க நேரும். அத்தகைய தடைக் காலங்கள் மொத்தம் 21 கிழமையை எட்டினால் எஞ்சிய உரிமையும் அழியும். எனவே, படித்துப் பொருள் உணராத தாளில் கையொப்பம் இடாதீர்கள். வீட்டிற்கு எடுத்துச் செல்லுங்கள், செருமன் அறிந்த நம் பிள்ளைகளை விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், தொழிற்சங்கத்தைக் கேளுங்கள்.

தமிழகத்திலிருந்து கணினித் தொழிலுக்கு வந்திருக்கும் இளைஞர்களும் இங்கு அமர்ந்திருக்கின்றீர்கள். இவ் வுரிமையின் அருமையை நீங்கள் நன்கறிவீர்கள். இந்தியத் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகம் 2018 சூலையில் வேலையிழந்தோர்க்கு ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் நாள் ஊதியத்தில் 25 விழுக்காடு. 2020-இல் அது 50 விழுக்காடாயிற்று. ஆனால் அது 90 நாளுக்கு மட்டும். அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. இரண்டாம் முறை வேலையிழப்பவனை அத் திட்டம் அறியாது. முதலாளியோ ஒருமுறையோடு நிறுத்திக் கொள்வதில்லை! பங்கு செலுத்தி உழைக்கின்ற ஒவ்வொரு முறையும் காப்பு மீண்டும் தளிர்க்க வேண்டும் என்னும் கோரிக்கை நம் தாயகத்திலும் எழ வேண்டும்.

தோழர்களே! வேலையை இழப்பது இழிவன்று. இரண்டாம் முறை இழப்பதும் இழிவன்று. உரிமையை உதவி என்று பெயரிட்டு, அப் பெயருக்கு அஞ்சி, தன் மனைவி மக்களை அரைவயிற்றோடு உறங்க வைப்பதே இழிவு. இன்றிரவு வீடு சென்றதும் பழைய ஆவணத்தைத் தேடி எடுங்கள். அதில் எத்தனை நாள் எஞ்சியுள்ளது என்று எண்ணுங்கள். வேலையிழந்து வீட்டிற்குள் அடைந்திருக்கும் தோழரை உங்களுக்குத் தெரிந்தால், நாளைக் காலையில் அவர் கையைப் பற்றி அவ் வலுவலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். படியேறும்போது அவர் தலை நிமிர்ந்திருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வெல்க உழைப்பு!