சின்னக் கடையும் பெரிய சட்டமும்



நான் த்வாண்டேயில் பிறந்தவன். யாங்கூனில் ஆற்றைத் தாண்டி டலாவில் இறங்கி, அங்கிருந்து போனால் எங்க ஊர். சட்டி பானைக்குப் பேர் போன ஊர். களிமண், சக்கரம், சூளை, கால்வாயில் படகு. இதை நம்பித்தான் நிறைய குடும்பம் பிழைக்குது. அந்தச் சின்னத் தொழில்களை அரசாங்கம் எப்படி நடத்தணும் என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கேன்.

நாம எல்லாரும் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வேணும் என்று சொல்கிறவர்கள். எடைக்கல் சரியா இருக்கணும், கூலி ஒழுங்கா கொடுக்கணும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பர்மாவில் வயசானவர்களிடம் 'சோசலிசம்' என்று சொன்னால் முகம் மாறிடும். ஏன்?

1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963இல் வங்கிகள் தேசியமயம். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள், ஏப்ரலில் மற்ற ஊர்க் கடைகள். மே 17ஆம் தேதி 50, 100 சாட் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு. பெரிய மொத்த வியாபாரத்தோடு சில்லறைக் கடைகளும் போயின. எங்க தாத்தாவோட பலசரக்குக் கடையும் போச்சு. 'மக்கள் கடை' என்று பலகை மாட்டினார்கள். அந்தக் கடையில் என்ன சரக்கு வேணும், யார் கணக்குப் பார்ப்பது என்று எந்த மக்களையும் கேட்கவில்லை. மக்கள் வரிசையில் நின்றார்கள், சரக்கு கள்ளச்சந்தையில் நின்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. 1930களின் நெருக்கடியில் கீழ் பர்மாவின் நெல்வயலில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார் கைக்குப் போய்விட்டது. பர்மியக் குடியானவரின் கோபம் நியாயமான கோபம். ஆனால் அந்த வயல்களுக்கு 1948லிருந்தே நிலச் சட்டங்கள் வந்துவிட்டன. லேவாதேவிக்காரன் மேல் இருந்த கோபம் பெட்டிக்கடைக்காரன் தலையில் விழுந்தது. இரண்டு பேரையும் 'இந்தியன்' என்று ஒரே மூட்டையில் கட்டினால் வர்க்கம் மறைஞ்சு போகுது, இனவாதம் மட்டும் மிஞ்சுது.

இந்தியனை மட்டும்தான் அடித்தார்கள் என்றும் இல்லை. 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகளை ஈடு எதுவும் கொடுக்காமல் செல்லாது என்றார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காகிதமாச்சு. கையில் ரொக்கம் வைத்துத் தொழில் பண்ணினவன் பர்மியனோ தமிழனோ, எல்லாரும் ஒன்றாகத்தான் அழுதார்கள். அடுத்த வருஷம் 1988 எழுச்சி.

இப்போதைய கதையைப் பாருங்க. 2024இல் ராணுவ அரசு, வேலையாட்களுக்குச் சம்பளம் உயர்த்திக் கொடுத்த கடைக்காரர்களைப் பிடித்து உள்ளே போட்டது, கடையையும் மூடியது. விலைவாசி ஏறுது என்ற எண்ணத்தைப் பரப்பி அமைதியைக் கெடுக்கிறார்களாம்! அதே வருஷம் அரசு குறித்த விலைக்கு மேல் அரிசி விற்றதாக ஒரு ஜப்பானிய பல்பொருள் அங்காடி அதிகாரியும் கைதானார். ஜப்பான் அரசு விடுவிக்கச் சொல்லிக் கேட்டது. ஒரு வருஷத் தண்டனை விதித்தார்கள், ஆனால் உடனே வெளியே விட்டார்கள். சின்னக் கடைக்காரனுக்காகப் பேச எந்த அரசாங்கம் இருக்கு?

சம்பளம் ஏற்றினவன் ஜெயிலுக்குப் போனால் அடி விழுவது முதலாளிக்கு மட்டும் இல்லை, தொழிலாளிக்கும்தான். அதனால்தான் இது நம்ம பிரச்சினை.

இந்தியாவில் 2014இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அப்புறப்படுத்துவதானால் 30 நாள் நோட்டீஸ். ஊர்க் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சட்டம் வந்தும் லத்தி ஓயவில்லை, தெரியும். ஆனால் வாதாட ஒரு காகிதம் கையில் இருக்கு. எங்க ஊர்ச் சூளைக்காரர் கையில் அதுகூட இல்லை.

மியன்மாருக்கான நம்ம கோரிக்கைகளில் நாலு விஷயம் சேர்க்கணும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, விதி எழுத்தில் இருக்கணும், அந்த ஊர் ஆட்கள் படிக்கிற மொழியில் இருக்கணும். இரண்டு, வாங்குகிற ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீது. மூன்று, மூடுவதற்கு முன்னால் நோட்டீஸ், மேல்முறையீடு, எடுத்துக்கொண்டால் ஈடு. நாலு, விதி போடும் இடத்தில் சிறு வியாபாரியும் அவரிடம் வேலை செய்கிறவரும் உட்காரணும்.

சின்ன முதலாளி என்பதற்காகக் கூலிச் சட்டத்தில் விலக்குக் கேட்கலை. சட்டம் எல்லாருக்கும் இருக்கட்டும். பெரிய ஆளுக்குப் பேச்சுவார்த்தை, சின்ன ஆளுக்குப் பூட்டு என்பதை மட்டும் நாம ஒழுங்குமுறை என்று ஏற்கக் கூடாது. அதைச் சோசலிசம் என்று யாராவது பேர் வைத்தால் முதலில் மறுக்க வேண்டியது நாமதான்.