ஒரு கோல் போதும் என்று நின்றுவிட்ட ஆட்டம்



உலகக் கிண்ணக் காற்பந்து தொடங்கிவிட்டால் நள்ளிரவிலும் மாமாக் கடைகளில் கூட்டம் குறைவதில்லை. பெரிய திரைக்கு முன்னால் நாற்காலிகள் வரிசைகட்டி நிற்கும். முதல் வாரத்தில் எல்லாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். இரண்டாம் வாரம் வந்ததும் பேச்சு கணக்குக்கு மாறிவிடும். "இவன் ஒரு கோலில் தோத்தாலும் உள்ளே போயிடுவான், அவன் ரெண்டு கோல் அடிச்சாத்தான் தப்பிப்பான்" என்று தே தாரிக் கோப்பைக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் நடக்கும். பள்ளியில் கணிதப் பாடத்தைக் கண்டாலே ஓடியவர்கள்கூட அன்றைக்குக் கோல் வித்தியாசத்தில் நிபுணர்கள்!

பிரிவு ஆட்டங்களின் சுவையே இதுதான். ஒரு பிரிவில் நான்கு குழுக்கள், ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று ஆட்டங்கள். கடைசி நாளில் இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். எந்த ஒளிவழியைப் பார்ப்பது என்று வீட்டில் சண்டை வரும். ஒரே நேரத்தில் ஏன் வைக்கிறார்கள், ஒன்று முடிந்து இன்னொன்றை வைத்தால் இரண்டையும் நிம்மதியாகப் பார்க்கலாமே என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு குழுவின் கண்ணீர் இருக்கிறது. அந்தக் குழு அல்ஜீரியா.

1982ஆம் ஆண்டு உலகக் கிண்ணம் ஸ்பெயினில் நடந்தது. அதுவரை 16 குழுக்கள் ஆடிய போட்டியில் அந்த ஆண்டுதான் முதன்முறையாக 24 குழுக்கள். இரண்டாம் பிரிவில் மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, சிலி, அல்ஜீரியா. பிரிவில் முதல் இரண்டு இடங்களைப் பிடிப்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். ஆட்டங்கள் ஹிஹோன், ஒவியேதோ என்ற இரண்டு வட ஸ்பானிய நகரங்களில்.

மேற்கு ஜெர்மனி 1980இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற குழு. தகுதிச் சுற்றில் ஆடிய எட்டு ஆட்டங்களையும் வென்று வந்திருந்தது. அல்ஜீரியாவுக்கோ அதுதான் முதல் உலகக் கிண்ணம். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலை பெற்று இருபது ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அந்தக் குழுவின் பயிற்றுநர்களில் ஒருவர் ரஷீத் மெக்லூஃபி. பிரான்சின் செயின்ட் எட்டியென் குழுவில் புகழோடு ஆடிக்கொண்டிருந்தவர். 1958இல், சுவீடன் உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன்பாக, பிரெஞ்சுக் குழுவில் கிடைத்திருக்கக்கூடிய இடத்தையும் உதறிவிட்டு, வேறு சில அல்ஜீரிய ஆட்டக்காரர்களோடு இரகசியமாக நாட்டைவிட்டு வெளியேறி, விடுதலை இயக்கத்தின் காற்பந்துக் குழுவில் சேர்ந்தவர். இல்லாத ஒரு நாட்டுக்காக ஆடிய குழு அது! அப்படிப்பட்டவர் 1982இல் சொந்தக் கொடியின் கீழ் ஒரு குழுவை உலகக் கிண்ணத்துக்கு அழைத்து வந்திருந்தார்.

ஜெர்மானியர்கள் எதிரணியைக் கடுகளவும் மதிக்கவில்லை. தோற்றால் முதல் ரயிலைப் பிடித்து ஊர் திரும்பிவிடுவதாகப் பயிற்றுநர் யூப் டெர்வால் சொன்னதாக அப்போது பத்திரிகைகளில் பேச்சு.

ஜூன் 16ஆம் தேதி ஹிஹோனில் ஆட்டம். 54ஆவது நிமிடத்தில் ரபா மாஜர் அல்ஜீரியாவுக்கு முதல் கோலைப் போட்டார். 67ஆவது நிமிடத்தில் ரும்மனிக ஜெர்மனிக்குச் சமன் செய்தார். இனி ஜெர்மனியின் கைதான் ஓங்கும் என்று நினைத்தவர்களுக்கு மூச்சுவிடவும் நேரமில்லை. நடுவிலிருந்து பந்தை உருட்டிய அல்ஜீரியர்கள், ஜெர்மானியரின் கால் ஒன்றுகூடப் படாமல் காலுக்குக் கால் கடத்திக்கொண்டு போய், லக்தர் பெல்லூமியின் காலால் வலைக்குள் சேர்த்தார்கள். அடுத்த நிமிடமே கோல்! 2-1. உலகக் கிண்ணத்தில் ஓர் ஆப்பிரிக்கக் குழு ஐரோப்பியக் குழு ஒன்றை வென்றது அதுவே முதல் முறை. டெர்வால் எந்த ரயிலையும் பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

அடுத்த ஆட்டத்தில் அல்ஜீரியா ஆஸ்திரியாவிடம் 0-2 எனத் தோற்றது. மேற்கு ஜெர்மனி சிலியை 4-1 என நொறுக்கியது. கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நாளில் நடக்கவில்லை. ஜூன் 24ஆம் தேதி ஒவியேதோவில் அல்ஜீரியாவும் சிலியும். மறுநாள் 25ஆம் தேதி ஹிஹோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். இந்த ஒருநாள் இடைவெளிதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

சிலிக்கு எதிரான ஆட்டத்தின் முற்பாதியில் அல்ஜீரியா மூன்று கோல்களைப் போட்டது. 35 நிமிடங்களுக்குள் 3-0. பிற்பாதியில் களைப்போ அலட்சியமோ, இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்தது. ஆட்டம் 3-2 என முடிந்தது. வெற்றி வெற்றிதானே என்று அன்றைக்குக் கொண்டாடியிருப்பார்கள்.

ஆனால் அந்த இரண்டு கோல்களின் விலை மறுநாள்தான் தெரிந்தது. நேயர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், மாமாக் கடைக் கணக்குதான். அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். அல்ஜீரியா மூன்று ஆட்டங்களையும் முடித்து 4 புள்ளிகள். போட்ட கோல் 5, வாங்கிய கோல் 5. ஆஸ்திரியா இரண்டு ஆட்டங்களில் 4 புள்ளிகள். போட்டது 3, வாங்கியது ஒன்றுமில்லை. மேற்கு ஜெர்மனி 2 புள்ளிகள்தாம். ஆட்டம் சமமானாலோ ஆஸ்திரியா வென்றாலோ ஜெர்மனி வெளியே. ஜெர்மனி 3-0 என்று வென்றால் ஆஸ்திரியா வெளியே. ஜெர்மனி ஒரு கோல் அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் மட்டும் இருவருமே உள்ளே, அல்ஜீரியா வெளியே.

சிலியை 3-0 என்றே அல்ஜீரியா வென்றிருந்தால்? கோல் வித்தியாசம் கூட்டல் இரண்டாகியிருக்கும். ஆஸ்திரியா 0-1 எனத் தோற்றால் அதற்கும் கூட்டல் இரண்டுதான். ஆனால் அல்ஜீரியா போட்ட கோல்கள் அதிகம். அந்த நிலையில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதித்தான் தீர வேண்டியிருக்கும். இருவருக்கும் வசதியான 1-0 என்ற முடிவே இருந்திருக்காது. ஆக, அல்ஜீரியாவின் மீது தவறே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிற்பாதியில் தற்காப்பைத் தளரவிட்டது அவர்கள்தாம். அதற்காக மறுநாள் நடந்ததை நியாயப்படுத்தவும் முடியாது.

மறுநாள் ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் ஹோர்ஸ்ட் ருபெஷ் ஜெர்மனிக்கு ஒரு கோல் போட்டார். 1-0. அதற்குப் பிறகு காற்பந்து குறைந்துகொண்டே போய், பிற்பாதியில் காணாமலே போய்விட்டது. தற்காப்பு ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பந்தை உருட்டிக்கொண்டார்கள். கோல் காவலருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர் கையால் எடுத்து மீண்டும் உருட்டினார். அந்தக் காலத்தில் அதற்குத் தடையில்லை. சொந்தக் குழுவினர் காலால் திருப்பி அனுப்பும் பந்தைக் கோல் காவலர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. எதிரணியினர் பறிக்க வரவுமில்லை. இரண்டு அண்டை வீட்டார் மாலை நேரத்தில் திடலில் நடை போவதைப் போலிருந்தது.

திடலில் இருந்த ஸ்பானிய ரசிகர்களுக்கே பொறுக்கவில்லை. "வெளியே போ, வெளியே போ" என்று கூச்சலிட்டார்கள். அல்ஜீரியாவின் பெயரைச் சொல்லி முழங்கினார்கள். அங்கு வந்திருந்த அல்ஜீரிய ரசிகர்கள் பண நோட்டுகளை உயர்த்தி ஆட்டக்காரர்களிடம் காட்டினார்கள், எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று கேட்பதைப் போல. ஜெர்மானியத் தொலைக்காட்சியின் வர்ணனையாளர் எபர்ஹார்ட் ஸ்டான்யெக் சொந்த நாட்டுக் குழுவையே கடிந்துகொண்டு, ஒரு கட்டத்தில் வர்ணனையைத் தொடரவே மனமில்லாமல் இருந்தார். ஆஸ்திரிய வர்ணனையாளர் ராபர்ட் சீகர் தொலைக்காட்சியை அணைத்துவிடும்படி நேயர்களிடம் சொன்னார். ஓர் ஒளிபரப்பாளர் தன் நிகழ்ச்சியைப் பார்க்காதீர்கள் என்று சொல்வது எத்தனை பெரிய விஷயம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஹிஹோன் நகரின் உள்ளூர் நாளிதழ் அந்த ஆட்டச் செய்தியைக் குற்றச் செய்திப் பக்கத்தில் போட்டதாகச் சொல்லப்படுகிறது.

அல்ஜீரியா முறைப்படி ஃபிஃபாவிடம் புகார் கொடுத்தது. புகார் தள்ளுபடியானது. எந்த விதி மீறப்பட்டது? யாரும் சொந்த வலைக்குள் பந்தை அடிக்கவில்லை. யாரும் பணம் வாங்கியதாக நிரூபணமில்லை. இரண்டு குழுக்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டன என்பதற்கும் ஆதாரமில்லை. 1990களில் மலேசியக் காற்பந்தை உலுக்கிய சூதாட்ட விவகாரத்தில் பிடிப்பதற்கு ஆளும் இருந்தது, சட்டமும் இருந்தது. இங்கே யாரைப் பிடிப்பது? கணக்கு அட்டவணையைத்தான் பிடிக்க வேண்டும்!

ஃபிஃபா கடைசியில் அதைத்தான் பிடித்தது. 1986ஆம் ஆண்டு மெக்சிகோ உலகக் கிண்ணத்திலிருந்து, ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பது நடைமுறையானது. உண்மையில் இதை அதற்கு முன்பே செய்திருக்கலாம். 1978இல் அர்ஜென்டினாவில் இரண்டாம் சுற்றுப் பிரிவு ஆட்டத்தில் பிரேசில் முதலில் ஆடி முடித்துவிட்டது. அதன் பிறகு திடலில் இறங்கிய அர்ஜென்டினாவுக்கு, பெருவை நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் போதும் என்பது முன்பே தெரியும். 6-0 என வென்று இறுதியாட்டத்துக்குப் போனது. அந்த ஆட்டத்தைப் பற்றிய சந்தேகம் இன்னும் தீரவில்லை. பிரேசில் என்ற பெரிய குழு நொந்தபோது மாறாத ஏற்பாடு, அல்ஜீரியா அழுதபோதுதான் மாறியது என்பது ஒருவகையில் ஆறுதல்.

மாற்றம் வந்ததால் நோய் தீர்ந்ததா என்றால், அதுதான் இல்லை.

நம் வட்டாரத்தில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 1998ஆம் ஆண்டு வியட்நாமில் டைகர் கிண்ணப் போட்டி. ஆகஸ்ட் 31ஆம் தேதி ஹோ சி மின் நகரில் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மோதின. இரண்டும் ஏற்கெனவே அரையிறுதிக்குப் போய்விட்ட குழுக்கள். பிரிவில் முதலிடம் பிடிப்பவர் ஹனோய்க்குப் போய், சொந்த மண்ணில் ஆடும் வியட்நாமைச் சந்திக்க வேண்டும். இரண்டாமிடம் பிடிப்பவர் அங்கேயே தங்கிச் சிங்கப்பூரைச் சந்திக்கலாம். சிங்கப்பூரா, பரவாயில்லை என்று இருவருமே நினைத்துவிட்டார்கள்! வெல்வதற்கு யாருக்கும் ஆசையில்லை. 2-2 என்றிருந்த ஆட்டத்தின் கடைசி நேரத்தில் இந்தோனேசியாவின் முர்ஷித் எஃபெண்டி பந்தைத் தன் குழுவின் வலைக்குள்ளேயே வேண்டுமென்று அடித்தார். தாய்லாந்துக்கு 3-2 என "வெற்றி". இரண்டு நாடுகளுக்கும் தலா 40,000 அமெரிக்க டாலர் அபராதம். முர்ஷித்துக்கு அனைத்துலக ஆட்டங்களில் வாழ்நாள் தடை.

பலன்? தாய்லாந்து ஹனோயில் வியட்நாமிடம் 0-3 எனத் தோற்றது. ஆசைப்பட்டபடியே சிங்கப்பூரைச் சந்தித்த இந்தோனேசியா 1-2 எனத் தோற்றது. இறுதியாட்டத்தில் ஆர். சசிகுமாரின் கோலால் வியட்நாமை 1-0 என வென்று கிண்ணத்தைத் தூக்கியது, எல்லாரும் இளைத்த குழு என்று தேர்ந்தெடுத்த அதே சிங்கப்பூர்!

ஒரே நேரத்தில் ஆடினாலும் கணக்குப் பார்ப்பவரைத் தடுக்க முடியாது என்பதற்கு 2018 ரஷ்ய உலகக் கிண்ணம் சாட்சி. ஜப்பான் போலந்திடம் 0-1 எனப் பின்தங்கியிருந்தது. அதே நேரத்தில் வேறு நகரில் செனகல் கொலம்பியாவிடம் 0-1. இரண்டும் அப்படியே முடிந்தால் ஜப்பானும் செனகலும் புள்ளியில் சமம், கோல் வித்தியாசத்தில் சமம், போட்ட கோலில் சமம், தங்களுக்குள் ஆடியதும் 2-2 எனச் சமம். மஞ்சள் அட்டைகளை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும். ஜப்பானுக்கு நான்கு, செனகலுக்கு ஆறு. பயிற்றுநர் அகிரா நிஷினோ தோல்வியைக் கட்டிக் காப்பாற்ற முடிவு செய்தார். கடைசிப் பத்து நிமிடம் ஜப்பானியர்கள் பின்பகுதியில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். செனகல் ஒரு கோல் போட்டிருந்தால் நிஷினோவின் கதி என்னவாகியிருக்குமோ! அது சூதாட்டத்தைப் போன்ற துணிச்சல். ஆனாலும் ஹிஹோனுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஜப்பானுக்கு முடிவு உறுதியாகத் தெரியாது. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் தெரிந்திருந்தது.

2017இல் ஃபிஃபா உலகக் கிண்ணத்தை 48 குழுக்களாக்க முடிவு செய்தபோது, பிரிவுக்கு மூன்று குழுக்கள் என்று திட்டமிட்டது. மூன்று குழுக்கள் என்றால் கடைசி ஆட்டத்தின்போது ஒன்று சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஹிஹோன் கதையை மறந்துவிட்டீர்களா என்று பலர் எச்சரித்தார்கள். 2023 மார்ச் மாதத்தில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, பிரிவுக்கு நான்கு குழுக்களாக 12 பிரிவுகள் என மாற்றப்பட்டது. அதிலும் ஓர் ஓட்டை. மூன்றாமிடம் பிடிப்பவர்களில் சிறந்த எட்டுக் குழுக்களுக்கும் அடுத்த சுற்றில் இடம். பிந்தி ஆடும் பிரிவுகளுக்கு எத்தனை புள்ளி போதும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

1982இல் மேற்கு ஜெர்மனி இறுதியாட்டம்வரை சென்று இத்தாலியிடம் 1-3 எனத் தோற்றது. ஆஸ்திரியா அடுத்த சுற்றோடு நின்றது. அல்ஜீரியாவின் மாஜரை மட்டும் விதி வேறோர் இடத்துக்குக் கூட்டிச் சென்றது. 1987ஆம் ஆண்டு ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டத்தில் போர்ட்டோ குழுவுக்காக ஆடிய அவர், குதிகாலால் தட்டி ஒரு கோல் போட்டார். இன்றும் அந்தக் கோலுக்கு அவர் பெயர்தான். எதிரணி ஜெர்மனியின் பயர்ன் முனிக். திடல் இருந்தது ஆஸ்திரியாவின் வியன்னாவில்!

அல்ஜீரியா முதன்முறையாக இரண்டாம் சுற்றை எட்டியது 2014இல், பிரேசிலில். அங்கே காத்திருந்ததும் ஜெர்மனிதான். கூடுதல் நேரம்வரை போராடி 1-2 எனத் தோற்றது.

2025 டிசம்பரில் நடந்த குலுக்கலில், 2026 உலகக் கிண்ணத்துக்கான பிரிவு ஒன்றில் அர்ஜென்டினா, ஜோர்டானோடு அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து விழுந்தன. பிரிவின் கடைசி நாளில் அவ்விரு குழுக்களும் நேருக்கு நேர் மோதும்படி அட்டவணை அமைந்தது. மற்ற ஆட்டமும் அதே நேரத்தில்.