அன்னை சொல்லாது மறைத்த நோவு



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், வீடுகளில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதை வானொலியில் பேசலாமா என்று என் இல்லத்திலேயே கேட்டார்கள். பேசத்தான் வேண்டும். என் அன்னை 2006-ஆம் ஆண்டில் சூலகப் புற்றுநோயால் மறைந்தார்.

பழனி மலையில் பண்ணைக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். காப்பித் தோட்டத்திலும் மலைவாழைத் தோப்பிலும் உழைத்து என்னைப் படிக்க வைத்தவர் அவர். அவ்வாண்டு குறிஞ்சி பூக்கும் ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் அப்பூவைக் கோடைக்கானலுக்குச் சென்று காணவேண்டும் என்று சித்திரை மாதத்திலேயே சொல்லிவைத்திருந்தார். ஆனால் தைமாதம் முதலே அவருக்கு வயிற்று உப்புசம். இரண்டு கவளம் உண்டதும் போதும் என்பார். இரவில் சிறுநீர் கழிக்கப் பலமுறை எழுவார். "வாயுத் தொல்லைதானப்பா" என்பார். நானும் ஓமத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். மருத்துவர் ஒருவரும் வாயு என்றே மாத்திரை தந்தார். முகமும் கைகளும் மெலிந்துகொண்டே வர, வயிறு மட்டும் பெருத்தது. அதைக் கண்ணால் கண்டும் நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. வத்தலக்குண்டு வழியாக அவரை மதுரைக்கு அழைத்துச் சென்றபோது மலையில் குறிஞ்சி பூத்துவிட்டது; நோயோ வயிறெங்கும் பரவிவிட்டது. கார்த்திகையில் அவர் காலமானார்.

இதிலே என்னை இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. நான் அறிவியல் ஆசிரியன். ஆண்டுதோறும் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றிய பாடம் வரும்போது, "இதை வீட்டில் நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த பாடத்திற்குத் தாவிவிடுவேன். மாணவருக்கு நான் சொல்லக் கூசியதை, என் அன்னை என்னிடம் சொல்லக் கூசினார். அன்று விட்ட பாடத்தை இன்று நடத்துகிறேன்.

சூலகம் என்பது சினைப்பை. கருப்பையின் இருபுறமும் வாதுமைக் கொட்டை அளவில் அமைந்திருக்கிறது. அடிவயிற்றின் ஆழத்தில் இருப்பதால், அங்கே கட்டி வளர்ந்தாலும் வெளியே தெரிவதில்லை. இவ்வகை நோய்களுட் பல, சூலகத்தை அடுத்த கருக்குழாயின் நுனியிலேயே தொடங்குகின்றன என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. நோய் பரவும்போது வயிற்றுள் நீர் கோத்து வயிறு உப்புகிறது. சூலகத்தளவில் நிற்கும்போதே கண்டுபிடிக்கப்பட்டால் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கிறார்கள். பெரும்பாலோரிடம் அது பரவிய பின்னரே தெரியவருகிறது என்பதுதான் துயரம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் செய்யும் சோதனை இந்நோயைக் காட்டாது. படித்தவர்களும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். நோய்க்குறி இல்லாத எல்லாப் பெண்களுக்கும் செய்யத்தக்க, நம்பத்தகுந்த முன்சோதனை இன்னும் இல்லை. ஆகவே குறிகளை அறிந்திருத்தலே நம் கையில் உள்ளது. வயிற்று உப்புசம், அடிவயிற்று வலி, சிறிது உண்டதும் வயிறு நிறைதல், அடிக்கடி சிறுநீர் வருதல் ஆகிய இவை எவருக்கும் வருவனதாம். புதிதாகத் தோன்றி, மாதத்தில் பன்னிரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால், அதிலும் ஐம்பதை ஒட்டிய வயதினருக்கு என்றால், மருத்துவரிடம் 'சூலகத்தையும் பாருங்கள்' என்று கேட்கவேண்டும். ஸ்கேன் படமும், சி.ஏ. 125 என்னும் இரத்தச் சோதனையும் வழிகாட்டும்.

வயிற்று நோயைத் தவறாகக் கருதியதால் உற்றாரை இழந்தவன் நான் மட்டும் அல்லன். புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையும் அவ்வாறே மாண்டார். அவருடைய புற்றுநோய் முதலில் வயிற்றுக்கடுப்பு என்று எண்ணப்பட்டது. மருத்துவராயிருந்தும் தங்கையைக் காக்க இயலாத அத்துயரை அவர் முப்பதாண்டுகள் சுமந்தார். நிதி திரட்டினார், பலருடைய அலட்சியத்தைப் பொறுத்தார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021-இல் மறைந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். நமக்கு அத்தகைய ஆற்றல் ஏது?

ஆயினும் சிறிது செய்கிறோம். மே 8-ஆம் நாள் உலகச் சூலகப் புற்றுநோய் நாளாக 2013 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. பிரையண்ட் பூங்காவைப் பார்க்கக் கூட்டம் மலையேறும் அந்நாட்களில், என் பழைய மாணவியர் சிலரும் நானும், செவிலியர் ஒருவரை உடனழைத்துக்கொண்டு பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் போகிறோம். பூண்டு ஆய்ந்துகொண்டிருக்கும் பெண்களிடம் செவிலியர் பேசுவார். நான் சற்றுத் தள்ளி, ஆண்களிடம் பேசுவேன். முதலாண்டில் எழுந்து போனவர்கள் இப்போது உட்கார்ந்து கேட்கிறார்கள்.

இன்னொன்று. பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுக்களில் பிறவியிலேயே பழுது இருந்தால் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுகிறது. அப்பழுது தாய்வழி மட்டுமன்றித் தந்தை வழியாகவும் இறங்கும். என் தங்கை சென்ற மாதம் மதுரைக்குச் சென்று சோதனைக்கு இரத்தம் கொடுத்துவந்தாள். உடன் சென்ற நானும் கொடுத்தேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை.